புளியங்கொம்பும் முருங்கைக்கொம்பும்

உறுதியான ஆதரவைப் பற்றிக்கொண்டவரைப் பார்த்து, 'பிடித்தாலும் பிடித்தான், புளியங்கொம்பாகப் பிடித்தான்' என்று சொல்வது நம் வழக்கு. இன்று இத்தொடர் திருமணப் பேச்சிலும் உத்தியோகப் பேச்சிலும் மட்டுமே புழங்குகிறது. ஆனால் இதை முதன்முதலில் சொன்னவர் மரமேறத் தெரிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். புளியின் கிளை வளையும். வளைந்தாலும் எளிதில் முறியாது. கால் வழுக்கிய கணத்தில் கைக்கு அகப்பட்டது புளியங்கொம்பு என்றால் உயிர் தப்பியது என்று பொருள். ஒரு தொழிலின் பட்டறிவு பழமொழியாகத் தங்கிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது முருங்கை. 'முருங்கை பருத்தால் தூணாகுமா?', 'ஒதி பெருத்தால் உத்தரமாகுமா?' என்பன அம்மரங்களைப் பற்றி நம் முன்னோர் அளித்த தீர்ப்புகள். முருங்கையில் அச்சமின்றி ஏறுவது விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம் ஒன்றுதான். மனிதர்கள் தரையில் நின்று துறட்டியால்தான் காய் பறிப்பார்கள்.

மரத்தின் வலிமையை அறிந்து ஏறுதல் என்னும் இக்கருத்து பழமொழியோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பிய மரபியல் தாவரங்களை வகைப்படுத்தும்போது பூவையோ காயையோ அளவுகோலாகக் கொள்ளாமல், 'காழ்' எனப்படும் வயிரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. வெளிப்புறத்தில் வயிரம் கொண்டவை புல். உள்ளே வயிரம் கொண்டவை மரம். பனையும் தெங்கும் இக்கணக்கில் புல்லினம். திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், நுனிக்கொம்புவரை ஏறிவிட்டவர் அதற்கு மேலும் ஏற முனைந்தால் அது உயிருக்கே முடிவாகும் என்கிறார் வள்ளுவர். அரசனுக்குச் சொல்லவந்த அறிவுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை மரமேறியின் வாழ்க்கை. குறுந்தொகையின் 273ஆம் பாடலிலும் ஒரு காட்சி உண்டு. மலைத்தேனுக்கு ஆசைப்பட்டு, பழைய கண்ணேணி ஒன்றை அது பழையது என்று அறியாமலே ஏறிய பேதை ஒருவன் அங்கே உவமையாகிறான். நைந்துபோன பிடிமானத்தை நம்பி உயரத்துக்குச் செல்வது மடமை என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய செய்தி.

இத்தனை தெளிவாக இதை அறிந்திருந்த ஒரு சமூகத்தின் தலைநகரில், எளிதில் முறியும் மரங்களை வீட்டு வாசல்தோறும் நட்டது எப்படி நிகழ்ந்தது? அவை முதுமையடையும்போது நெருக்கமான தெருவுக்குள் அவற்றில் ஏறி, துண்டு துண்டாகக் கழற்றி இறக்குபவர் யார்? அவர் எதை நம்பி ஏறுகிறார்? இக்கேள்விகளை முன்வைத்துச் சென்னைத் தெருமரங்களின் வரலாற்றையும், மரமேறி அகற்றும் கலையின் வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

சாலைமரம் வந்த வழி

சாலையோரத்தில் மரம் நடுதல் இந்த நாட்டில் பழைய அறம். வழியெல்லாம் ஆலமரங்களை நடச் செய்ததை அசோகர் தம் தூண் சாசனத்தில் குறிப்பிட்டிருக்கிறார். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் தென்மாவட்டச் சாலைகளோடும் அவற்றின் நிழலோடும் இணைத்தே இன்றும் பேசப்படுகிறது. ஆல், அரசு, புளி, நாவல், இலுப்பை, மருது என நீள்வது பழைய சாலைமரங்களின் வரிசை. இவற்றுள் பெரும்பாலானவை மெல்ல வளர்பவை. நட்டவர் நிழலில் அமர முடியாது. அவருடைய பேரன் அமர்வான். அன்றைய சாலையின் இருபுறமும் வெளி இருந்தது. கிளை முறிந்தால் புல்லின்மேல் விழும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. கப்பல்கள் சரக்கோடு விதைகளையும் கன்றுகளையும் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்தன. சென்னையில் 1835இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. அதை நிறுவியதில் தாவரவியலார் இராபர்ட் வைட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. கதீட்ரல் சாலையில் அதன் தோட்டம் அமைந்தது. அந்நூற்றாண்டில் அயல்நாட்டு மரங்கள் பல இவ்வாறு நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன.

குல்மோஹர் என்று நாம் அழைக்கும் செம்மயிற்கொன்றையின் தாயகம் மடகாஸ்கர் தீவு. 1820களின் இறுதியில் போயர் என்னும் தாவரவியலார் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர் மொரீஷியஸ் வழியாக வெப்பநாடுகள் எங்கும் அது பரவியது. மாலையில் இலைகூம்பும் தூங்குமூஞ்சி மரம் நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. மஞ்சட்பூக்களைத் தெருவெங்கும் கொட்டும் இயல்வாகை, இலங்கை முதல் ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இயற்கையாக வளர்வது. நள்ளிரவில் மணக்கும் மரமல்லி பர்மாப் பக்கத்து மரம்.

நகரத்தை நிர்வகிப்பவர்களுக்கு இவை ஏன் பிடித்தன என்பதை ஊகிப்பது கடினமன்று. புதிதாகக் குடியேறிய தெருவுக்கு நிழல் உடனே வேண்டும். இம்மரங்கள் சில ஆண்டுகளிலேயே கூரையை எட்டிவிடும். பூக்கும், கண்ணுக்கு இனிமையானவை. ஆனால் மரத்தின் கணக்கில் அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. விரைந்து வளரும் மரங்களுள் பல, தம் கட்டையை அடர்த்தியாகச் செய்துகொள்வதில்லை. உயரத்துக்கும் அகலத்துக்கும் செலவிட்டதை உறுதிக்குச் செலவிடுவதில்லை. குல்மோஹரின் கிளைகள் காற்றில் ஒடியும் இயல்புடையவை. அதன் வேர்கள் ஆழமாகச் செல்லாதவை. மரமல்லியும் அத்தகையதே. தூங்குமூஞ்சியின் கட்டை சிற்பவேலைக்கு உதவும் அளவுக்கு நல்லதுதான். ஆனால் அதன் கிளைகள் தரைக்கு இணையாக நெடுந்தொலைவு நீளுபவை. கிளையின் எடை முழுவதையும் அது தண்டோடு சேரும் கவடு ஒன்றே தாங்கி நிற்க வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அன்று மாலை தெருக்களில் நடந்தவர்கள் கண்டது, குல்மோஹரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் மின்கம்பிகளையும் சுற்றுச்சுவர்களையும் அணைத்துக்கொண்டு கிடந்த காட்சியை. அயல்மரங்களே மிகுதியாக விழுந்தன என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அதில் உண்மை உண்டு. ஆனால் அதை மண்ணின் மரம், அந்நிய மரம் என்னும் சண்டையாக்கிவிடக் கூடாது. முருங்கையும் ஒதியும் நம் மண்ணின் மரங்கள்தாமே! பிறப்பிடத்தைக் கேட்பதைக் காட்டிலும் காழ் எங்கே என்று கேட்பதே தொல்காப்பியர் வழி.

முறிவின் இலக்கணம்

ஒரு கிளை ஏன் முறிகிறது? பிறவியிலேயே மென்மையான கட்டை என்பது ஒரு காரணம் மட்டுமே. வேறு நான்கு காரணங்கள் நகரத்து மரத்துக்கு நாமே உண்டாக்கித் தருபவை அல்லது நாம் கவனியாமல் விடுபவை.

முதலாவது, காய்தல். பச்சைக் கிளை வளைந்து கொடுத்து எச்சரிக்கும். ஒடியும் முன் முனகும். பட்ட கிளைக்கு அந்த நாகரிகம் இல்லை. சடக்கென்று போய்விடும்.

இரண்டாவது, பூசணம். மரத்தைத் தின்னும் பூசணங்கள் எல்லாம் ஒரேவகையாகத் தின்பதில்லை. மரக்கட்டை என்பது செல்லுலோஸ் இழைகளும் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினும் சேர்ந்த கட்டுமானம். லிக்னினை முதலில் தின்னும் வெள்ளை அழுகலில் கட்டை நார்நாராகி வளையும். செல்லுலோஸைத் தின்னும் பழுப்பு அழுகலில் கட்டை பார்வைக்கு விறைப்பாகவே நிற்கும். பாரம் ஏறியதும் ஓடு உடைவதுபோல் உடையும். ஏறுபவருக்குக் கொடியது பின்னதே. அது கெட்டிருப்பதைத் தட்டிப் பார்க்காமல் அறிய முடியாது.

மூன்றாவது, மொட்டையடித்தல். மின்கம்பியில் இடிக்கிறதென்று மரத்தின் தலையை வெட்டிவிடுகிறோம். சில மாதங்களில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகத் தளிர்கள் கிளம்பும். மரம் பிழைத்துக்கொண்டது என்று மகிழ்கிறோம். அத்தளிர்கள் உட்கட்டையிலிருந்து பிறந்தவையல்ல. வெளி அடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. பத்தாண்டில் அவை தொடையளவு பருத்துவிடும். அவற்றின் பிடியோ அழுகிக்கொண்டிருக்கும் வெட்டுவாயின் விளிம்பில் இருக்கும். கீழிருந்து பார்த்தால் தழைத்த மரம். மேலே சென்றால் ஒட்டுப்போட்ட மரம்.

நான்காவது, வேர். சிமென்ட் தளம் மரத்தின் அடியை நெரிக்கிறது. தெரு ஓரத்தில் வடிகாலுக்கும் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு பக்கத்து வேரை அறுக்கிறது. மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு ஆணையிட்டது. 2022 ஜூன் மாதத்தில் சென்னை கே.கே. நகரில் பெருமரம் ஒன்று ஓடும் கார்மீது சாய்ந்து, உள்ளே இருந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அருகே நடந்த மழைநீர் வடிகால் பணிதான் காரணமோ என்ற கேள்வி எழுந்தது. நிர்வாகம் அதை மறுத்தது. காரணம் எதுவாயினும், தரைக்கடியில் மரத்துக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது தரைக்குமேல் நிற்பவருக்குத் தெரிவதில்லை என்ற உண்மை அன்று எல்லோருக்கும் உறைத்தது.

ஏணி, கயிறு, முடிச்சு

இத்தகைய மரத்தில் ஏறும் கலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மரமேறுதல் என்றதும் நினைவுக்கு வருவது பனையேற்றம். காலில் தளைநார், மார்பை மரத்தோடு அணைத்த ஏற்றம், இடுப்பில் பாளை அரிவாள் என்று அது தனக்கென ஒரு முழுமையான மரபு கொண்டது. ஆனால் அந்த மரபு புறக்காழ்த் தாவரத்துக்கு உரியது. பனைக்குக் கிளையில்லை, வயிரம் வெளியே இருக்கிறது, ஏறுபவர் அணைத்திருப்பது மரத்தின் மிக உறுதியான பகுதியை. தெருவோரத் தூங்குமூஞ்சியில் நிலைமை தலைகீழ். அங்கே கிளையிலிருந்து கிளைக்குப் போக வேண்டும். போகப்போகப் பிடிமானம் மெலியும். வெட்ட வேண்டிய பகுதியோ பெரும்பாலும் நுனியில் இருக்கும். இதே நகரத்தில், தென்னை ஏறத் தெரிந்தவர்தானே என்று ஒருவரை அழைத்து வாகையில் ஏற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு கலைகள் என்பதைத் தொல்காப்பியம் படித்தவர்களாவது உணர வேண்டும்.

அகக்காழ் மரத்தில் ஏறிப் பராமரிப்பதை ஒரு தனித்தொழிலாக அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஜான் டேவி. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1846இல் பிறந்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் குடியேறியவர். 1901இல் அவர் வெளியிட்ட 'மர மருத்துவர்' என்னும் நூல் இத்துறைக்குத் தொடக்கநூல்களுள் ஒன்று. 1909இல் முறையாகப் பதிவான அவருடைய நிறுவனம் நெடுங்காலம் கடந்தும் நிலைத்தது. அக்காலத்து மர மருத்துவர்கள் பொந்துகளைச் சுரண்டிச் சிமென்ட் கொண்டு அடைத்தார்கள். பல்லுக்கு அடைப்பது போல. அது மரத்தைக் காக்கும் என்று மனமார நம்பினார்கள்.

அந்நம்பிக்கையை உடைத்தவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ (1930–2006). மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, உள்ளே அழுகல் எவ்வழியில் பரவுகிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். மரத்தின் காயம் நம் காயம்போல் ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர்களை எழுப்பி மரம் அதைத் தனிமைப்படுத்துகிறது என்று 1970களில் அவர் நிறுவினார். பொந்தைச் சுரண்டுவது அச்சுவரை உடைப்பதாகும். மொட்டையடித்தலின் கேடும் இதனால் விளங்கியது. ஏறுபவருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு: இருபதாண்டுக்கு முன் செய்த ஒரு தவறான வெட்டு, இன்று அவர் கால்வைக்கும் இடத்தில் உள்ளழுகலாகக் காத்திருக்கிறது.

கருவிகளின் வரலாறு இதற்கு இணையாக நடந்தது. தொடக்கத்தில் ஏணியும் கையும்தாம். பின் கயிறு வந்தது. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் அறிமுகப்படுத்திய உராய்வு முடிச்சு ஓர் எளிய அற்புதம். பாரம் இல்லாதபோது கயிற்றில் நழுவும். பாரம் விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மலைக்காக வந்த இவ்வகை முடிச்சுகள் மரத்துக்கும் உதவின. நைலான் கயிறு வந்தபின், மணிலாக் கயிற்றைப்போல் மழையில் அழுகிவிடும் என்ற கவலை குறைந்தது. 1920களின் இறுதியில் ஜெர்மனியின் ஸ்டில் போன்றோர் செய்த மோட்டார் ரம்பங்கள் இரண்டு ஆள் தூக்கும் பாரம் கொண்டவை. 1950க்குப் பின்னர்தான் ஒருவர் தனியே கையாளும் ரம்பம் பரவியது. அதனால் வேலை விரைவாயிற்று. ஆனால் அரிவாள் தவறினால் உண்டாகும் காயத்துக்கும் ரம்பம் தவறினால் உண்டாகும் காயத்துக்கும் வேறுபாடு உண்டு. தன்னைக் கட்டியிருக்கும் கயிற்றையே ரம்பம் அறுத்துவிடலாம். அதனால்தான் ரம்பத்தை இயக்கும்போது இரண்டு தனித்தனிக் கட்டுகள் இருக்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் ஏற்பட்டது.

இவ்வளவு முன்னேற்றத்திலும் ஒரு நம்பிக்கை மட்டும் மாறவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கயிறும் முடிச்சும் எவ்வளவு உறுதியானாலும், அவை கடைசியில் மாட்டப்படுவது அந்த மரத்திலேதான். கயிறு அறாது, கொம்பு முறியலாம். எல்லாம் புளியங்கொம்பு என்ற எண்ணத்தின்மேல் எழுந்த கலை அது.

இங்கிலாந்தின் புளியங்கொம்பு முருங்கையான கதை

அந்த எண்ணத்தைத் தகர்த்தது ஆஷ் மரம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதுவே புளியங்கொம்பு. அதிர்ச்சியைத் தாங்கும் அதன் கட்டையில்தான் கோடாரிக் காம்பும் கிரிக்கெட் ஸ்டம்பும் செய்தார்கள். 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரையொட்டி, ஆசியாவிலிருந்து வந்த பச்சைநிறத் துளைவண்டு ஒன்று ஆஷ் மரங்களைக் கொல்வது கண்டுபிடிக்கப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் கோடிக்கணக்கான மரங்கள் பட்டன. ஐரோப்பாவில் போலந்திலிருந்து பரவிய பூசணநோய் 2012இல் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்டது. நுனியிலிருந்து அடிநோக்கி மரத்தைக் காயவைப்பது அந்நோய்.

மரமேறும் தொழிலினர் ஒன்றைக் கண்டு திகைத்தார்கள். உறுதிக்குப் பெயர்பெற்ற அம்மரம் பட்டவுடன் வியக்கத்தக்க விரைவில் நொறுங்கும் தன்மை அடைந்தது. ஏறிப்பழகிய கிளை, அடுத்த ஆண்டு அதே ஆளைத் தாங்கவில்லை. மரம் சாய்க்கும்போது வெட்டுவாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவே சிறிது கட்டையை அறுக்காமல் விடுவார்கள். அது கதவின் கீல்போல் நின்று, மரம் எப்பக்கம் சாய வேண்டும் என்பதை வழிநடத்தும். பட்ட ஆஷ் மரத்தில் அந்தக் கீல் வளையாமல் முன்னதாகவே ஒடிந்தது. மரம் நினைத்த பக்கம் விழவில்லை. அறுக்கும் அதிர்வில் தலைக்குமேலிருந்து கிளைகள் உதிர்ந்தன.

விளைவு, தொழிலின் விதியே மாறியது. நோய் முற்றிய ஆஷ் மரத்தில் ஏறுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். தூக்குமேடை வண்டியோ கிரேனோ எட்டும் இடத்தில் அவற்றையே பயன்படுத்த வேண்டும் என்றாயிற்று. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப்பணி விதிகள் ஏற்கெனவே இந்த வரிசையை வகுத்திருந்தன: உயரத்தில் செய்யாமல் முடியுமா என்று முதலில் பார், முடியாதெனில் விழாமல் தடு, அதுவும் முடியாதெனில் விழுந்தாலும் சேதம் குறையச் செய். 2020ஐ ஒட்டி, ஏறும்போதும் இரண்டு தனித்தனிக் கயிறுகள் என்பதும் அங்கே தொழில்நெறி ஆயிற்று.

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு நேர்கோடு தெரிகிறது. மனிதன் முதலில் கிளையை நம்பினான். பிறகு கயிற்றை நம்பினான். பிறகு இரண்டாவது கயிற்றை. கடைசியில் மரத்தையே நம்பாமல், மரத்துக்கு வெளியே நிற்கும் இயந்திரத்தின்மேல் தன் எடையை வைக்கக் கற்றுக்கொண்டான். ஏறும் கலையின் முதிர்ச்சி, எப்போது ஏறக் கூடாது என்று அறிவதில் முடிந்திருக்கிறது. நுனிக்கொம்பைப் பற்றி வள்ளுவர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உரை வேறொன்று எழுத முடியுமா?

சந்துக்குள் நிற்கும் மரம்

ஆனால் சென்னையில் திருவல்லிக்கேணியிலோ புரசைவாக்கத்திலோ உள்ள ஒரு சந்தை நினைத்துப் பாருங்கள். தூக்குமேடை வண்டி நுழையாது. ஒருபக்கம் ஓட்டுக்கூரை, மறுபக்கம் மின்மாற்றி, நடுவே கேபிள்களின் வலை. மரத்தை அடியோடு சாய்க்க இடமில்லை. யாராவது ஏறித்தான் ஆக வேண்டும். அப்போது என்ன செய்தால் உயிர் தங்கும் என்பதும் இக்கலைக்குள் வகுக்கப்பட்டே இருக்கிறது.

ஏறும் முன் மரத்தைச் சுற்றிவந்து பார்ப்பது முதற்பணி. அடியில் காளான் உண்டா, தண்டில் வெடிப்பு உண்டா, தரை ஒருபக்கம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் உள்ளீடற்ற தண்டு பறைபோல் ஒலிக்கும். ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் மாத்தெக் பொந்துமரங்களுக்கு ஓர் அளவுகோல் தந்தார்: எஞ்சிய நல்ல கட்டையின் தடிமன், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் முறிவின் ஆபத்து மிகும். மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்வது அடுத்த பணி. இதில் சமரசமே கூடாது. பச்சைமரம் மின்சாரத்தைக் கடத்தும்.

கயிற்றைக் கட்டும் கவட்டை நுனிக்கருகில் தேராமல், தண்டை ஒட்டித் தேர வேண்டும். ஆள் ஏறுவதற்கு முன் கீழிருந்து இருவர் அக்கயிற்றில் தொங்கிச் சோதிக்க வேண்டும். அருகே உறுதியான வேறொரு மரம் இருந்தால், நோயுற்ற மரத்தை விட்டு அதில் கட்டிக்கொள்வது இன்னும் நன்று. பட்ட கிளையில் கால்வைக்காமல், தண்டருகிலேயே நின்று வெட்ட வேண்டும். கிளையின் அடிப்பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டு மேல்பக்கத்தில் அறுத்தால், பட்டை உரிந்து ஆளின்மேல் சரியாது. வெட்டிய துண்டு சிறிதாக இருக்க வேண்டும். அரையாள் உயரத் துண்டு கயிற்றில் விழுந்து திடீரென்று நின்றால், அந்த இழுப்பு துண்டின் எடையைப்போலப் பன்மடங்கு ஆகும். உளுத்த தண்டு அதைத் தாங்காது. எனவே கீழே கயிற்றைப் பிடிப்பவர் அதை ஒரு கட்டையிலோ அடிமரத்திலோ சுற்றி, வழுக்கவிட்டு மெல்ல நிறுத்துவார். மேலிருப்பவரின் உயிர் பாதி அவருடைய கையில்தான் இருக்கிறது. வலியறிதல் அதிகாரத்தில் துணைவலி என்று எண்ணப்படுவதும் இதுவே அல்லவா?

நம் தெருக்களில் நாம் காண்பதோ வேறு. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் வெறுங்காலோடு ஏறுகிறார். கையில் அரிவாள்; இப்போது சிலரிடம் மோட்டார் ரம்பம். ஒரே ஒரு கயிறு. அதுவும் வெட்டப்படும் கொப்புக்குத்தான், ஆளுக்கு இல்லை. கொப்பு சுவர்மேல் விழாமல் இருக்க வேண்டும் என்பதில் வீட்டுக்காரருக்கு இருக்கும் கவனம் அந்தக் கயிற்றில் தெரிகிறது. அவர் அறிவில்லாமல் ஏறுகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. பாதத்தால் கிளையை அழுத்திப் பார்க்கிறார். அதன் அதிர்வைக் கேட்கிறார். எறும்புப் புற்றையும் பட்டையின் நிறத்தையும் படிக்கிறார். புளியங்கொம்புப் பழமொழியைப் படைத்த அதே அறிவு அவரிடம் இருக்கிறது. ஆனால் அந்த அறிவு பிறந்தது கிராமத்து மரத்தோடு. இருபது ஆண்டுக்குமுன் மொட்டையடித்த வெட்டுவாயையும், சிமென்டுக்கு அடியில் அறுபட்ட வேரையும், ஓடுபோல் உடையும் உள்ளழுகலையும் பாதம் மட்டும் அறிந்துவிடாது.

பெயரில்லாத தொழில்

இத்தொழிலைச் செய்பவருக்குத் தமிழில் நிலைத்த ஒரு பெயர் இல்லை என்பதை நாம் நெடுநாளாக எண்ணிப்பார்த்ததுண்டு. பனையேறி உண்டு, அவருக்கு நலவாரியமும் உண்டு. 'மரமேறி' என்ற சொல்லோ ஏறும் தொழிலை இழிவென்று கருதிய சமூகத்தால் வசையாக்கப்பட்டது. எனவே அதை எளிதில் எடுத்தாள முடியவில்லை. 'மரம் வெட்டுற ஆள்' என்கிறோம். வெட்டுவது அவர் பணியின் எளிய பகுதி. ஏறுவதும், எடைபோடுவதும், யார் தலையிலும் விழாமல் இறக்குவதும்தான் கலை. பெயரில்லாத தொழிலுக்குக் கூலி பேசுவது எளிது. பாதுகாப்புப் பேசுவது கடினம். வார்க்கச்சையும் தலைக்கவசமும் இரண்டாவது கயிறும் அவருடைய பேரத்துக்குள் வருவதேயில்லை.

இதில் நமக்கும் பங்கு உண்டு. விரைவான நிழலை விரும்பியவர்கள் நாம். வாசலில் சிமென்ட் பூசியவர்கள் நாம். கம்பிக்காகத் தலையை வெட்டியபோது பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நாமே. அந்தக் கடன்களெல்லாம் சேர்ந்து முதிரும் நாளில், அவற்றைத் தீர்க்க மேலே ஏறுபவர் வேறொருவர். அவருக்குக் கொடுக்கும் கூலியில் அந்தக் கடனை நாம் ஒருபோதும் கணக்கிடுவதில்லை.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன் தெருமரங்களைத் தட்டிப்பார்த்து, பட்ட கிளைகளைச் சிறிதாக இருக்கும்போதே நீக்குவது. வேருக்கு ஒரு மீட்டர் மண்ணை விட்டுவைப்பது. வண்டி நுழையும் தெருவில் வண்டியைக் கேட்டுப் பெறுவது. நுழையாத சந்தில், ஆளுக்குக் கயிறும் கச்சையும் இல்லாமல் வேலையைத் தொடங்கவிடாமல் இருப்பது. சந்துக்குப் புங்கனோ மகிழோ போதும்; தூங்குமூஞ்சி பரந்த வெளியில் அழகாக இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஏற வேண்டாம், இந்த மரம் தாங்காது' என்று அனுபவமுள்ள ஒருவர் சொல்லும்போது, அதைக் கூலியை உயர்த்தும் தந்திரம் என்று எண்ணாமல் இருப்பது.

அப்படிச் சொல்லத் தெரிந்தவரே அக்கலையின் உச்சியை எட்டியவர். அவ்வாறு சொன்ன பிறகும் அன்றைய கூலி அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்படி நம் தெருக்கள் ஏற்பாடு செய்துகொள்ளும் நாளில், அவருக்கு நல்லதொரு பெயரும் தானே கிடைத்துவிடும்.